வெயிலுக்கு வாசல் திறந்து வைத்த வீடுகள்

பெருந்துறையில் ஒரு வீட்டின் வயதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு அந்த வீட்டுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மாடி வைத்த புது வீடு என்றால் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, ஏ.சி. ஓடும் ஒரே அறைக்குள் மொத்தக் குடும்பமும் சுருண்டிருக்கும். அஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு என்றால் உள்ளே ஆளே இருக்காது. எல்லோரும் எதிரில் உள்ள வேப்பமரத்தடியில் இருப்பார்கள். பழைய ஓட்டு வீடு என்றால் ஆசாரத்துத் தரையில், பாய்கூடப் போடாமல், ஒரு அமுச்சி முந்தானையை விரித்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஈரோடு மாவட்டத்து வெயில் சாதாரண வெயில் இல்லை. கடலும் பக்கத்தில் இல்லை, மலைக் காற்றும் நேராக வந்து சேராது. 2024 ஏப்ரலில் ஈரோட்டில் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. ஈரோட்டுக்கும் கோவைக்கும் போகிற சாலையில் இருக்கும் பெருந்துறைக்கு இந்த வெயில் புதிதல்ல. வெயிலோடு வாழத் தெரிந்த ஊர்தான் இது. அதற்கான பாடம் பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டுச் சுவரில் இருந்தது.

(திருவாசகத்தில் வரும் திருப்பெருந்துறை இதுதானா என்று கேட்பவர்கள் உண்டு. அது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவில். இந்தப் பெருந்துறைக்கு மாணிக்கவாசகர் கணக்கில் வராது. மஞ்சளும் தேங்காயும் தறியும்தான் கணக்கு.)

கொங்கு நாட்டுப் பழைய வீட்டுக்குத் தொட்டிக்கட்டு வீடு என்று பெயர். நாலு பக்கமும் தாழ்வாரம் ஓட, நடுவில் வானம் பார்த்த வாசல். மழை பெய்தால் நாலு கூரைத் தண்ணீரும் அந்த வாசலில்தான் விழும். முன்பக்கம் திண்ணை. அதைத் தாண்டினால் ஆசாரம். விருந்தாளி வந்தால் உட்காரும் கூடம், நெல் குவிக்கும் இடம், கல்யாணப் பேச்சு நடக்கும் சபை எல்லாமே அந்த ஆசாரம்தான். ஆசாரத்துக்கு மேலே பலகை பாவிய அட்டாலி. வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் தேவைப்படும் அண்டா, குண்டா, விதைக்கு எடுத்து வைத்த சோளம், கம்பு, நிலக்கடலை மூட்டை என்று அங்கே இல்லாதது கிடையாது. பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் ஒளிந்து விளையாடும் இடம். பின்பக்கம் பொடக்காலி. அங்கே தண்ணீர்த் தொட்டி, அம்மிக்கல், முருங்கை மரம். அதையும் தாண்டினால் கட்டுத்தரை, மாடுகள்.

சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. மண்ணைக் குழைத்து வைத்த சுவர். வசதியுள்ளவர்கள் அதன் மேல் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். சுண்ணாம்போடு கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்த்து நாள்கணக்கில் அரைத்துப் பூசிய பூச்சு, கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். கூரைக்குப் பனங்கைகள். வைரம் பாய்ந்த கிழட்டுப் பனையை அறுத்து எடுத்த அந்தச் சட்டங்களைக் கரையான் தொடாது. இன்றைக்கும் பழைய வீட்டை இடிக்கிறவர்கள் முதலில் விலை பேசுவது இந்தப் பனங்கைகளுக்கும், செதுக்கு வேலை செய்த நிலவுக்கும் கதவுக்கும்தான்.

இந்த வீடு எப்படிக் குளிர்ந்தது? கனமான மண்சுவர் பகல் வெயிலை உடனே உள்ளே விடாது. மெல்ல மெல்ல வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தச் சூடு உள்பக்கம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உள்ளே சூடான காற்று லேசாகி மேலே ஏறும், ஓட்டு இடுக்குகள் வழியாகவும் நடுவாசல் வழியாகவும் வெளியே போய்விடும். அந்த இடத்தை நிரப்பத் திண்ணைப் பக்கமிருந்தும் பொடக்காலிப் பக்கமிருந்தும் காற்று வரும். ராத்திரியில் நடுவாசல் வானத்தைப் பார்த்துக் குளிரும், அந்தக் குளிர்காற்று தாழ்வாரத்துக்குள் இறங்கும். கரன்ட் பில் இல்லாத ஏ.சி. இது.

காங்கிரீட் தளம் இதற்கு நேர் எதிர். காலையிலிருந்து வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்குமேல் அதை வீட்டுக்குள் இறக்கும். வெளியே காற்று சில்லென்று வீசும், உள்ளே மின்விசிறி அனலைச் சுற்றிவிடும். மே மாதத்தில் பெருந்துறை வட்டாரத்தில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரிக்காத வீடு குறைவு.

எல்லா வீட்டுக்கும் ஓடு இருந்ததில்லை. பெரும்பாலானவை தென்னங்கீற்றும் பனை ஓலையும் வேய்ந்தவை. தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்குச் சாளை என்று பெயர். ஓரளவு கையில் காசு புரண்டவர்கள் குயவர் கையால் செய்த நாட்டு ஓடு போட்டார்கள். அப்புறம் வந்தது சீமை ஓடு. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதைப் பார்த்து மேற்குக் கடற்கரை முழுக்கச் சூளைகள் எழுந்தன. 1862-லேயே சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர் வழியாகக் கோழிக்கோடு பக்கத்துப் பேப்பூர் வரை ரயில் ஓடத் தொடங்கியிருந்ததால், மேற்குக் கடற்கரைச் சரக்கு கொங்குச் சீமைக்கு வருவது சுலபமாகிவிட்டது. பழைய வீட்டில் ஒரு ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அதைச் சுட்ட ஊரின் பெயர் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். கிராமத்துக் கூரை அந்தக் காலத்திலேயே கடற்கரையோடு தொடர்பு வைத்திருந்ததற்கு அதுதான் சாட்சி.

பழைய வீட்டின் பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. "வெயிலு சுடுதுங்க, உள்ள வாங்க" என்று எல்லோரையும் அந்த வீடு அழைக்கவில்லை. வழிப்போக்கருக்குத் திண்ணை உண்டு, உறவுக்காரருக்கு ஆசாரம் உண்டு. அந்த வீட்டுத் தோட்டத்தில் நாள் முழுக்க உழைத்த பண்ணையாளுக்கு? அவர் தெருவாசலிலோ கட்டுத்தரை ஓரத்திலோ நின்றுதான் கூலி வாங்கினார், கொட்டாங்குச்சியில்தான் தண்ணீர் குடித்தார். மண்சுவரின் குளுமை சாதி பார்த்துத்தான் கிடைத்தது. பழைய வீட்டின் கட்டுமான அறிவை எடுத்துக்கொள்ளலாம். அதன் வாசற்படி விதிகளை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெருந்துறையின் காற்றுக்கு ஒரு காலத்தில் வேறொரு பெயரும் இருந்தது: மருந்து. ஊரைத் தாண்டி இருக்கும் மருத்துவக் கல்லூரிப் பகுதியைப் பழைய ஆட்கள் இன்றும் சானடோரியம் என்றுதான் சொல்வார்கள். காசநோய்க்கு மாத்திரை, ஊசி எதுவும் இல்லாத நாளில், ஈரமில்லாத காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதான் வைத்தியம். சென்னைக்குத் தாம்பரம், ஆந்திரத்துக்கு மதனப்பள்ளி, கொங்குச் சீமைக்குப் பெருந்துறை என்று நோயாளிகள் மூட்டை முடிச்சோடு வந்தார்கள். ஊரில் யாரும் பக்கத்தில் உட்காராத நோயாளிகளுக்கு இந்த வெயிலும் வறண்ட காற்றும்தான் துணை.

அந்தக் கதை முடிந்த விதம் சுவாரசியமானது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பலரும் நெருக்கடியான சிறு வீடுகளில் வாழ்ந்த ஏழைகள். 1959-ல் முடிவு வெளியானது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகிறது, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதற்கு அந்தச் சென்னை ஆய்வும் ஒரு பெரிய காரணம். பெருந்துறையில் பிறகு போக்குவரத்துத் துறை சார்ந்த அமைப்பு நடத்திய மருத்துவக் கல்லூரி வந்தது. இப்போது அது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. கோவிட் நாட்களில் ஈரோடு மாவட்டமே நம்பியிருந்த ஆஸ்பத்திரி அது. மறுபடியும் நுரையீரல் நோயாளிகள், மறுபடியும் அதே வளாகம்.

ஊர் வளர்ந்த வேகம் வேறு கதை. 1979-ல் கோவையிலிருந்து பிரிந்து பெரியார் மாவட்டம் உருவானது. பிறகு அதற்கு ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. 1984-ல் தோப்புப்பாளையத்தில் கொங்கு பொறியியல் கல்லூரி வந்தது. கம்பும் கடலையும் விளைந்த மேட்டாங்காட்டில் விடுதிகள், மெஸ்கள், ஜெராக்ஸ் கடைகள் முளைத்தன. அப்புறம் சிப்காட். 2,500 ஏக்கருக்கும் மேல் விரிந்த தொழிற்பேட்டை. ஜவுளி, சாயம், தோல், இரும்பு என்று ஆலைகள். சேலம் - கொச்சி நெடுஞ்சாலை நான்கு வழியாக அகலமானது. நாற்பத்தேழு என்று வாய்க்குப் பழகிய எண் 544 ஆனது. 2025-ல் பேரூராட்சி நகராட்சியாகத் தரம் உயர்ந்தது.

வேலை கிடைத்தது, நிலத்துக்கு விலை கிடைத்தது. கூடவே சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுகிறது என்ற புகாரும் வந்தது, வருஷக்கணக்கில் போராட்டங்களும் நடந்தன. பக்கத்து நொய்யலில் சாயக்கழிவு ஓரத்துப்பாளையம் அணையை என்ன செய்தது என்று கண்ணால் பார்த்த ஜனங்கள் இவர்கள். பயம் வராமல் என்ன செய்யும்?

இந்த வளர்ச்சியில்தான் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. இடிப்பவர்களைத் திட்டுவது சுலபம். அந்த வீட்டில் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் சிரமம் தெரியும். ஒவ்வொரு ஆடிக் காற்றுக்கும் ஓடு நகரும், ஐப்பசி மழைக்கு ஒழுகும். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. காரை அரைக்கும் கொத்தனார் அதைவிட அபூர்வம். தேள் வரும், பாம்பு வரும். தரைக்குச் சாணி மெழுகியது யார், வாசல் கூட்டியது யார், ராத்திரியில் பொடக்காலி தாண்டி இருட்டில் போனது யார்? பெண்கள்தான். ஒரு மருமகள் "எனக்கு ரூமோட சேர்ந்த பாத்ரூம் வேணுமுங்க" என்று கேட்டால் அது பாரம்பரியத்துக்கு எதிரான பேச்சு இல்லை. நியாயமான பேச்சு.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வந்தால் வீட்டுக்கு விதி முடிந்தது. நடுவாசலை இரண்டாகப் பிரித்து நடுவே சுவர் வைப்பார்கள். அன்றைக்கே அந்த வீட்டின் மூச்சு நின்றுவிடும். காற்றும் வராது, வெளிச்சமும் வராது. பிறகு இருவரில் ஒருவர் இடித்துக் கட்டுவார், அவர் கடைக்கால் தோண்டியதில் மற்றவர் பாதியில் விரிசல் விழும். வழக்கு, வாய்தா, பூட்டிய கதவு. செட்டிநாட்டு வீடுகளைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், அவற்றில் சில ஓட்டல்களாகப் பிழைத்துக்கொண்டன. கொங்கு வீடு அரண்மனை மாதிரி இருக்காது. பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் இதில் இல்லை. இது சம்சாரி வீடு. போட்டோவுக்கு எடுப்பாக இல்லை என்பதாலேயே அதற்காகப் பேச ஆள் இல்லை. ஈரோட்டில் பெரியார் - அண்ணா நினைவு இல்லம் அரசின் பராமரிப்பில் நிற்கிறது. தலைவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு அந்த வழி உண்டு. சாதாரண விவசாயி வாழ்ந்த வீட்டுக்கு?

இதற்கிடையில் இன்னொரு வகை வீடு பெருகிவிட்டது: லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள். மேலே அஸ்பெஸ்டாஸ் அல்லது தகரம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் ஒரு அறையில் நாலைந்து பேராக வாடகைக்கு இருக்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்க வேண்டும். பகலில் அந்தத் தகரத்தின் கீழ் தூங்க முடியுமா? ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு புரள்கிறார்கள். அன்றைக்குப் பண்ணையாளுக்குக் கிடைக்காத குளுமை இன்றைக்கு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வாடகை வாங்குகிறவர் கூரை மேல் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடித்துவிடலாம். வெயிலைத் திருப்பி அனுப்ப அது ஓரளவு உதவும். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. இங்கே அரசாணைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு மட்டையும் போதும்.

வெயில் என்றால் கஷ்டம் மட்டும்தானா என்றால், இல்லை. கோடைதான் பெருந்துறைக்குக் கொண்டாட்டமான காலமும். விடிகாலையில் தெளுவு வரும். பதநீரைக் கொங்கில் தெளுவு என்றுதான் சொல்வார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய அதைப் பனையோலைப் பட்டையில் வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்ச வேண்டும். டம்ளரில் குடித்தால் பாதி ருசி போச்சு என்பது குடித்தவர்களின் உறுதியான கருத்து. வெயில் ஏறினால் ரோட்டோரத்தில் நுங்கு வண்டி, தர்பூசணிக் குவியல், இளநீர், கம்மங்கூழ்ப் பானை. கூழுக்குத் தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரை வற்றல், மாங்காய்ப் பத்தை. நெடுஞ்சாலையில் லாரியை ஓரங்கட்டிவிட்டு இந்திக்காரர் ஒருவர் கம்மங்கூழ் குடித்து, மோர் மிளகாயைக் கடித்துத் திகைக்கும் காட்சி இப்போது சகஜம்.

பரீட்சை முடிந்தால் பிள்ளைகள் அப்புச்சி ஊருக்குப் போவார்கள். பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறுகளில்தான் நீச்சல் படிப்பு. முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். இப்போது அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் கேன் வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருந்தால்தானே இந்தக் கூத்தெல்லாம்? கீழ்பவானி வாய்க்கால் மண்கரையாக இருந்ததால் கசிந்த தண்ணீர்தான் வழியெங்கும் கிணறுகளை ஊற வைத்தது. 1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால் அது. அதற்குக் காங்கிரீட் போடும் திட்டம் வந்தபோது, கடைமடைக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு பக்கமும், கசிவு நின்றால் கிணறு செத்துவிடும் என்று இன்னொரு பக்கமும் விவசாயிகள் நின்றார்கள். இரண்டு பக்கமும் தாகம்தான். வாய்க்காலுக்கும் வீட்டுக்கும் ஒரே வழக்குதான் போலிருக்கிறது, மண்ணா சிமென்ட்டா என்று. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு - அவினாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம். பெருந்துறைப் பக்கத்துத் திருவாச்சியிலும் அதற்கு ஒரு நீரேற்று நிலையம் உண்டு. குளம் நிரம்பிய ஊரில் கிணற்றடியில் பிள்ளைகள் சத்தம் மறுபடி கேட்கும்.

பங்குனி, சித்திரையில் மாரியம்மன் சாட்டு. கோவில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், விடிகாலையில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, வேப்பிலை வைப்பார்கள். ராத்திரியில் தப்பட்டைச் சத்தத்துக்கு இளவட்டங்கள் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். முடிகிற நாளில் மஞ்சள் நீர். மாமன் மகனா, அத்தை மகளா என்று பார்த்துப் பார்த்து ஊற்றியது போய், இப்போது தெருவில் போகிற எல்லோர் மேலும் விழுகிறது. வெயிலுக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மொட்டை மாடிக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும். வடகம் காய வைக்க அதைப்போல இடம் கிடையாது. ஓட்டு வீட்டுக் காலத்தில் வாசலில் பாய் விரித்து, கையில் குச்சியோடு ஒரு பொடியனைக் காக்காய் விரட்ட உட்கார வைப்பார்கள். அவன் பாதி மாவைத் தின்றுவிடுவான்.

இந்த ஊரின் பெரிய உலர்த்தும் இடம் என்றால் அது தேங்காய்க் களம்தான். பெருந்துறை, காங்கேயம் வட்டாரத்தில் ஏக்கர் கணக்கில் சிமென்ட் களங்கள். உடைத்த தேங்காய் மூடிகள் வெள்ளை வெளேரென்று மல்லாந்து கிடக்கும். கொப்பரையை இங்கே தேங்காய்ப் பருப்பு என்பார்கள். பெருந்துறைக் கூட்டுறவுச் சங்கத்து ஏலத்துக்குப் போவது இந்தப் பருப்புதான். ஊரே சபிக்கும் வெயிலைக் களத்துக்காரர் மட்டும் இன்னும் ரெண்டு நாள் இரு என்று கெஞ்சுவார். மாலையில் தெற்கே, சென்னிமலைக்கும் அப்பால், கருக்கல் கட்டினால் களத்தில் ஓட்டம் தொடங்கும். நனைந்த பருப்பு பூசணம் பிடிக்கும், நிறம் போகும், விலை பாதியாகும். "தார்ப்பாய் எடு, அந்தக் கடைசியில இருந்து இழு" என்று தமிழிலும் இந்தியிலும் சத்தம். லைன் வீட்டுக்காரர்கள், களத்துக்காரர், அவர் வீட்டு அம்மணி, லீவுக்கு வந்த பேரன் என்று எல்லோரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். முதல் சொட்டு சூடான சிமென்ட் மேல் விழுந்து, உடனே காய்ந்துபோகிறது. இரண்டாவது சொட்டுக்கு எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள்.